இரண்டாவது கையெழுத்து

கோவளம்
7 ஜூலை 2025

ஜெரூஷா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் வெறும் பெயர்.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். மெயிலும் அனுப்பாதே. பதில் சொல்ல ஏதாவது இருந்தால் பேனாவால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு. கம்ப்யூட்டர் வழியாக வரும் கையெழுத்தை இனிமேல் நான் நம்புவதாக இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

தெரிந்ததையே எழுதுகிறேன், உனக்கு மறதி அதிகமாகிவிட்டதால். நாரை என்ற கணினி மொழியையும், அதில் எழுதியதைக் கருவிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரையும் நீயும் நானும் பதினோரு வருடமாகக் கட்டினோம். சின்னக் கருவிகளில் ஓடும் மொழி. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். கையெழுத்துப் போட ஆளுக்கொரு ரகசியக் கம்ப்யூட்டர் சாவி; உன் சாவி, என் சாவி, இரண்டாலும் கையெழுத்து விழாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது.

ஜூன் 27ஆம் தேதி 3.0 பதிப்பு வெளியே போயிருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. நான் போடவில்லை.

எதற்கு நான் போட மறுத்தேன் என்பதும் உனக்குத் தெரியும். சென்சார் பதில் தராவிட்டால் பழைய நாரை, ஓடும் நிரலை நிறுத்திவிட்டு பஸ்ஸரை அலற விடும். 3.0 அப்படிச் செய்யாது. பதில் வராததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

சனிக்கிழமை காலை என் சித்தப்பா ரங்கனின் ஃபைபர் படகில் அது அப்படித்தான் ஓடியது. படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்துவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சென்சார் ஒயர் உப்பில் அரித்துப் போயிருந்தது. பெட்டி கத்தவில்லை. தண்ணீர் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணி வாக்கில் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் மூன்று மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு கடலில் கிடந்தார்கள். நெம்மேலிப் படகு ஒன்று பார்த்துத் தூக்கியது. சித்தப்பாவுக்கு வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. இனி வலை இழுக்க முடியுமா என்று கேட்டால் டாக்டர் வேறு பேச்சுப் பேசுகிறார்.

எங்கள் ஊரில் முப்பத்தொரு படகுகளில் அந்தப் பெட்டி இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி என் அம்மா வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்று காலை படகுகள் பெட்டி இல்லாமலே கடலுக்குப் போயிருக்கின்றன.

திருடி. உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஹேமநாத்


பீர்க்கன்கரணை
10 ஜூலை 2025

ஹேமநாத்,

உன் கடிதத்தை ஸ்கூலிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். சித்தப்பாவுக்காக ஜெபித்தேன். இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், இருந்தாலும் செய்ததைச் சொல்கிறேன்.

ஆனால் திருடி என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் விழுங்கிக்கொள்ள முடியாது. உன் சாவியின் நகல் இருக்கும் பென் டிரைவை நான் உன் வீட்டுக்குள் புகுந்தா எடுத்தேன்? மூன்று வருடத்துக்கு முன்னால், உன் அப்பா இறந்த வாரம், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நீயே என் கையில் கொடுத்தாய். பாஸ்வேர்டை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாய். "இந்த ரிலீஸை நீயே ரெண்டு கையெழுத்தும் போட்டு அனுப்பிடு, எனக்கு எதுலயும் மனசு போகல" என்றாய். அதற்குப் பிறகு அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. என் பீரோவில் சர்ட்டிபிகேட்டுகளோடு இருந்தது.

மே 10ஆம் தேதி மேற்குத் தாம்பரம் டீக்கடையில் சண்டை போட்டோம். அதோடு நீ வாயை மூடிக்கொண்டாய். நாற்பத்தெட்டு நாள். எட்டு மெயில் அனுப்பினேன். ஒன்றுக்காவது பதில் போட்டாயா? வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மறைந்துபோனால் அதற்குப் பெயர் மறுப்பா? நாற்பது பள்ளிகள் இந்த வருடம் நாரையைப் பாடத்தில் வைத்திருக்கின்றன. அந்த டீச்சர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவள் நான். ஏன் இந்த மாற்றம் என்று அன்றே உனக்குச் சொன்னேன். சேலையூரில் ஒரு கண்காட்சி. ஆறாம் வகுப்புப் பெண் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்திருந்தாள். ஒயர் கழன்றதும் அது அலறிய அலறலில் நடுவர் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைகளைப் பயமுறுத்தும் மொழி எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. நம் வழக்கத்தை நான் மீறவில்லை. நாரையில் எழுதுகிறவர்கள் நமக்கு அனுப்பும் நிரல்களையெல்லாம் கூடையில் போட்டு வைக்கிறோம். எந்த ரிலீஸுக்கு முன்னாலும் கூடை முழுவதையும் ஓட்டிப் பார்க்கிறோம். 3.0க்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு நிரல்களையும் ஓட்டினேன். எல்லாம் ஓடின. அதில் படகு என்று ஒன்றுமே இல்லை ஹேமநாத். எந்தப் படகைப் பற்றிச் சொல்கிறாய்? எனக்கு ஏன் தெரியாது?

ஜெரூஷா


கோவளம்
13 ஜூலை 2025

ஜெரூஷா,

நீ கேட்டதற்குப் பதில் பிறகு. முதலில் நான் கேட்பது.

சித்தப்பா மகள் ஜெயஸ்ரீயை உனக்குத் தெரியாது. இருபத்திநாலு வயது. டிப்ளமோ முடித்தவள். கரையில் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக்கொள்வது அவள்தான். நான் சிறுசேரியில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது உப்புத் தண்ணீரில் நின்று ஒயர் மாற்றுகிறவள் அவள். 3.0 வந்ததும் படகு நிரலை அதில் போட்டுப் புதிதாகக் கம்பைல் செய்து முதலில் தன் அப்பா படகில் ஏற்றினாள். மற்ற முப்பதையும் ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தாள். சனிக்கிழமையே கவிழ்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, நான் சும்மா எட்த்துப் போடல. உன் கையெழுத்து கீதான்னு செக் பண்ணேன். பச்சை டிக் வந்துச்சு. அண்ணனே பாத்துட்டான்னு தான் போட்டேன்."

அப்பாவைக் கடலில் தள்ளியது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. என் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டாள்: "இன்னாடா, நீ கையெழுத்து போட்டியாமே? உன் சித்தப்பன் படகுக்கு?" நான் போடவில்லை என்றேன். "அப்ப உன் கையெழுத்த எவன் போட்டான்?" என்றாள். கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு, மீனவர் பஞ்சாயத்துத் தலையாரி வேதாசலம் ஒரே வரியில் முடித்தார். "தம்பி கையெழுத்துக்கே கியாரண்டி இல்லன்னா, தம்பி பொட்டிக்கு இன்னா கியாரண்டி?"

எனக்கு வேண்டியது இரண்டு. 3.0ஐத் திரும்பப் பெற வேண்டும். அந்தக் கையெழுத்து ஹேமநாத்துடையது இல்லை, நான் போட்டேன் என்று உன் பெயரில், எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும். அதை நான் அச்செடுத்து ஜெயஸ்ரீ கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டிகள் படகேறும். கடலில் தினமும் முப்பது படகு போய் வந்துகொண்டிருக்கிறது. யோசிக்க நாள் எடுத்துக்கொள்ளாதே.

ஹேமநாத்


பீர்க்கன்கரணை
17 ஜூலை 2025

ஹேமநாத்,

உன் கடிதம் வந்த அன்றே 3.0ஐ எடுத்துவிட்டேன். தளத்தில் பழைய 2.9தான் இப்போது இருக்கிறது. அறிவிப்பும் போட்டிருக்கிறேன்: "சில தொழில்நுட்பக் காரணங்களால் 3.0 நிறுத்தி வைக்கப்படுகிறது. பயன்படுத்துவோர் 2.9க்குத் திரும்பவும்."

நீ கேட்ட இரண்டில் ஒன்று இது. இரண்டாவதை எழுத மூன்று நாளாக உட்கார்கிறேன். எழுத வரவில்லை. என் நிலைமையையும் கொஞ்சம் பார். நாற்பது பள்ளிகளில் டீச்சர்கள் என்னை நம்பி மாற்றினார்கள். நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நான் என்னவென்று நிற்பது? என் வீட்டுக்காரர் டெனிஸ் மட்டும், "சொல்லிடு, அப்புறம் நிம்மதியா தூங்கு" என்கிறார். அவருக்கென்ன, அவர் பெயரா போகப்போகிறது?

ஆனால் நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. முப்பத்தொரு படகில் நம் மொழி ஓடியிருக்கிறது. எத்தனை வருடமாக? கூட இருந்து மொழியை உண்டாக்கியவளுக்கு அது தெரியாது. ஊரில் யார் யாரோ அனுப்பிய கோழிப்பண்ணை விளக்கு கூடையில் இருக்கிறது. குன்றத்தூரில் ஒருவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உன் ஊர் இல்லை. ஏன்?

டீக்கடையில் அன்றைக்கு நான் சொன்னேன், "ஸ்கூல் பிள்ளைங்களுக்கு எழுதறோம் ஹேமா, ராக்கெட்டுக்கா எழுதறோம்?" என்று. நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். "எங்க போட்ல ஓடுது" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நான் அந்த மாற்றத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். சொல்லாமல் எழுந்து போனாயே, அதற்கு யார் பொறுப்பு? அதையும் நான்தான் சுமக்க வேண்டுமா?

ஜெரூஷா


கோவளம்
20 ஜூலை 2025

ஜெரூஷா,

தொழில்நுட்பக் காரணம். நன்றாக இருக்கிறது. உன் பீரோவில் இருந்தது தொழில்நுட்பமா?

சரி, கேட்டுவிட்டாய். சொல்கிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு உன் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் அதிகம் கோபம் வருகிறது.

குரோம்பேட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு காலையில் நான் லேபுக்கு வந்தபோது என் நாற்காலி முழுக்க சென்ட் அடித்து வைத்திருந்தார்கள். மீன் வாடை வருகிறதாம். மொத்த லேபும் சிரித்தது. நீ எனக்கு அடுத்த நாற்காலி. நீயும் சிரித்தாய். பெரிதாக இல்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டு. பிறகு மதியம் உன் டிபனில் பாதியை என் பக்கம் தள்ளினாய். அதனால்தான் உன்னோடு நண்பனாக இருந்தேன். அந்தச் சிரிப்பினால்தான் ஊரைப் பற்றி உன்னிடம் வாயே திறந்ததில்லை.

கூடையில் போட்டால் நிரலோடு பெயர், ஊர், எதற்கு என்று மூன்று வரி வெளியே தெரியும். கோவளம் குப்பம், மீன் படகு என்று எழுதி அந்தக் கூடையில் போட எனக்குக் கூசியது. முப்பத்தாறு வயதில், இத்தனை வருட வேலைக்குப் பிறகும் கூசியது. அதனால் படகு நிரலை வீட்டுச் சமாசாரம்போல் ஒளித்து வைத்தேன். ஆறு வருடம் நானே ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு ரிலீஸுக்கும் நான் கையெழுத்துப் போடும்வரை அது போதுமானதாக இருந்தது. மே மாதச் சண்டைக்குப் பிறகு தளத்தையே திறக்கவில்லை. என் கையெழுத்து இல்லாமல் எதுவும் போகாது என்ற திமிர்.

இது என் தப்பு. என் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஜெயஸ்ரீயிடமும் சொல்லிவிட்டேன். வேதாசலம் முன்னாலும் சொன்னேன். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. சாகவில்லை.

இப்போது உன் முறை. உன் நாற்பது பள்ளியைக் காட்டி எனக்குக் கணக்குச் சொல்லாதே. நீ எழுதும்வரை ஜெயஸ்ரீ நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். "என்ன காப்பாத்த தான நீ போடலன்னு சொல்ற" என்று நேற்றுக்கூடக் கேட்டாள்.

ஹேமநாத்


பீர்க்கன்கரணை
26 ஜூலை 2025

ஹேமநாத்,

அந்த சென்ட் விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். லேப் ஞாபகம் இருக்கிறது, டிபன் பகிர்ந்தது ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. நீ பதினேழு வருடமாகச் சுமந்ததை நான் அன்று மாலையே மறந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் மலிவாக இருக்கும். அதனால் கேட்கவில்லை, வெட்கப்படுகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ரேங்க் கார்டு வாங்கினேன். இரண்டு கார்டில் அப்பா கையெழுத்தைப் பிள்ளைகளே போட்டிருந்தார்கள். பதினைந்து வருட அனுபவம், பார்த்ததும் தெரிந்துவிடும். பிரின்சிபாலிடம் அனுப்ப எழுந்தேன். பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள். கார்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீ கேட்டதை எழுதினேன்.

தளத்தின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியும் விட்டேன். ஜெயஸ்ரீக்காக என் கைப்பட எழுதிய பிரதி இது:

"நாரை 3.0இல் இருக்கும் இரண்டாவது கையெழுத்து ஹேமநாத்துடையது அல்ல. அவர் இந்தப் பதிப்பை ஏற்க மறுத்தார். வேறொரு சமயத்தில் அவர் நம்பி ஒப்படைத்த சாவியைக் கொண்டு, அவருக்குத் தெரியாமல், ஜெரூஷா ஆகிய நான் அதைப் போட்டேன். சென்சார் பதில் தராவிட்டால் பூஜ்யம் என்று கொள்ளும் மாற்றத்தைச் செய்ததும் நான். இதனால் ஒரு படகு கவிழ்ந்தது; அதில் இருந்த மூன்று பேர் மூன்று மணி நேரம் கடலில் கிடந்து மயிரிழையில் பிழைத்தார்கள். அந்தப் படகில் 3.0ஐ ஏற்றியவர் கையெழுத்தைச் சரிபார்த்தே ஏற்றினார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை."

இருபத்தாறு பள்ளிகள் நாரையைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டன. ஒரு டீச்சர் போன் செய்து, "நீங்களா மேடம் இப்படி?" என்றார். அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீ ஒளித்து வைத்ததற்கு, டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு. ஆனால் அதை இதோடு சேர்த்துக் கழித்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

பென் டிரைவையும் பஸ் டிக்கெட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். இதிலிருந்து வேறு நகல் எடுக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

ஜெரூஷா


கோவளம்
31 ஜூலை 2025

ஜெரூஷா,

பென் டிரைவைச் சுத்தியலால் உடைத்துவிட்டேன். அந்தச் சாவி செல்லாது என்று தளத்திலும் அறிவித்துவிட்டேன். நீ நகல் எடுத்திருக்கிறாயா என்ற கேள்வியே இனி இல்லை.

உன் தாளை ஜெயஸ்ரீ இரண்டு தரம் படித்தாள். கடைசி வரியை மட்டும் மூன்றாவது தரம். பிறகு சட்டிச் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் அந்தத் தாளை வேதாசலத்திடம் எடுத்துப் போனது ஜெயஸ்ரீதான், நான் இல்லை. அவர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "ஆபீஸ்ல கீறவங்க கையெழுத்து வேணாம். கரையில கீறவங்க கையெழுத்து போட்டா பொட்டி ஏறட்டும்."

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தால் மனிதர் சொல்வது சரி. எனக்குப் புதுச் சாவி வேண்டாம். இரண்டாவது சாவி இனி ஜெயஸ்ரீயுடையது. அவளே உண்டாக்கி, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். என்னிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு முறைத்தாள்.

இதோடு படகு நிரல் இருக்கிறது, நாலு பக்கம், அச்செடுத்தது. கூடையில் 215ஆவதாகப் போடு. மேலே மூன்று வரி நானே எழுதியிருக்கிறேன். பெயர்: ரங்கன். ஊர்: கோவளம் குப்பம். எதற்கு: மீன் படகில் தண்ணீர் ஏறினால் கத்த. ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

2.9இல் இருப்பதும் செல்லாமல் போன என் கையெழுத்துதான், அதனால் பழையபடி அலறும் 3.1ஐ நீ செய். அவள் வந்து பார்ப்பாள். உன்னோடு பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும் என்று சொல்லவும் மாட்டேன்.

ஹேமநாத்


பீர்க்கன்கரணை
11 ஆகஸ்ட் 2025

ஹேமநாத்,

3.1 வெளியாகவில்லை. ஜெயஸ்ரீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

நேற்று பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கேளம்பாக்கம் போய் வண்டலூர் வழியாக இரண்டு பஸ் மாறி, மடியில் உன் சித்தப்பாவின் பெட்டியோடு. கூடையில் இருநூற்றுப் பதினைந்தும் ஓடுவதைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, "பக்கெட் கீதாக்கா?" என்றாள். குளியலறை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, சென்சாரை அதில் போட்டு, பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை நறுக்கென்று வெட்டினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். நாலு என்றதும் பெட்டி கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் கை தட்டினேன்.

அவள் தட்டவில்லை. "நாலு செகண்ட் லேட்டுக்கா" என்றாள். நாலு செகண்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்டேன். "ஒரு அலை உள்ள வரும். பழசுல ஒடனே கத்தும். நான் சைன் பண்ண மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தது. மிச்சமிருக்கும் பதினான்கு பள்ளிகள் காத்திருக்கின்றன. என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண் மாட்டேன் என்கிறாள். குரலை உயர்த்திவிட்டேன். டெனிஸ் உள்ளேயிருந்து வந்து நின்றார். அவள் எழுந்து பெட்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி பண்ணிட்டுக் கூப்டுக்கா, வர்றேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போட்டு வைத்த காபியை டெனிஸ்தான் குடித்தார்.

அதற்குப் பிறகு யோசித்தேன். பதினோரு வருடத்தில் நீயும் நானும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் கையெழுத்து என்று வந்தால், நான் போட்டிருந்தால் நீ போடுவாய், நீ போட்டிருந்தால் நான் போடுவேன். யாரும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்ததில்லை. நீ முதல் தடவையாக மறுத்தாய். நான் உனக்காகப் போட்டுவிட்டேன்.

அந்த நாலு செகண்ட் எங்கே போகிறது என்று இன்று கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வருகிறாள். மறுபடியும் மாட்டேன் என்றால் மறுபடியும் உட்கார வேண்டியதுதான். சித்தப்பா படகு அதுவரை கரையில் இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்.

நீயும் வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. பஸ் மாற அவளுக்குத் துணை வேண்டும் என்று சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தால், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

இனி எனக்கு ஒரு சாவிதான். கீழே இருப்பது என் கையெழுத்து, என்னுடையது மட்டும்.

ஜெரூஷா